அசையாப் பெருமானின் மெய்க்கீர்த்தி

செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து வரதராஜருக்கு இராமானுஜர் நீர் சுமந்தார் என்கிறது தலவரலாறு. தொண்டு விளங்கிய அந்த மண்ணில், தொண்டே செய்யாமல் தொழப்படும் அரும்பேறு பெற்று எழுந்தருளியிருக்கிறார், பட்டு டிசைன் கூடத்துக் கிராபிக்ஸ் கம்ப்யூட்டர் மகாராஜர்.

அன்னாரின் நிஷ்டையை என்னென்று புகழ்வேன்! முந்தி முழுக்க வரைந்து, யாளி பேட்டின் கடைசிக் கட்டத்துக்கு டிசைனர் தம்பி நிறம் ஏற்றும் வேளை பார்த்து, மவுஸ் அம்பு நட்ட நடுத்திரையில் நின்றுவிடும். சேமிக்காத காலை நேர உழைப்பு அத்தனையும் அந்தக் கணமே திருவடி சேரும். 1804இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் துளையிட்ட அட்டையால் தறியை ஆட்டிவைத்தார். பாவம், நடுவழியில் மோனம் கூடும் ஞானம் அவருடைய அட்டைக்கு வாய்க்கவில்லை. மச்சில் கிடக்கும் பழைய அட்டைக்கட்டைத் தறியில் ஏற்றினால் இன்றைக்கும் பூ விழுகிறது. எவ்வளவு அநாகரிகம்!

திருமேனியின் பக்கப் பலகையைக் கழற்றித் தரிசித்தவர் பாக்கியவான். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே பட்டுச் சிம்பும் ஊதுவத்திச் சாம்பலும் கலந்து கம்பளம் விரித்தாற்போல் படிந்திருக்கும். பிராசசரின் தலையில் பூசிய பசை எந்தக் காலத்திலோ உலர்ந்து உதிர்ந்திருக்கும். புளோயரும் பிரஷ்ஷும் எடுத்து அரை மணி நேரம் செலவழித்தால் தீருமே என்பார் சில அற்பர். தூசி போனால் சூடு தணியும். சூடு தணிந்தால் நிஷ்டை கலையும். அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

கிராபிக்ஸ் கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் டிரைவரைத் தட்டி எழுப்பும் ஏற்பாடு விண்டோஸில் விஸ்டா காலம் தொட்டு உண்டு. அந்தத் தட்டலுக்கும் அசையாத திடசித்தர் நம் மகாராஜர். தாம் முறைப்படி மூடப்படாமல் அணைந்து எழுந்த ஒவ்வொரு முறையும் ஈவென்ட் வியூவரில் 41 என்று எண்ணிட்டுப் பதிந்தும் வைக்கிறார். அக்குறிப்பை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அரசரின் அந்தரங்கத்தைப் படிக்கலாகாது என்ற மரியாதை!

பழுது நீக்க வரும் சர்வீஸ் ஆச்சாரியரோ ஞானத்தின் சிகரம். ராம் குச்சிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி மெம்டெஸ்ட் ஓட்டுவது, எஸ்எம்பிஎஸ் போதுமான கரண்ட் தருகிறதா என்று மீட்டர் வைப்பது, யுபிஎஸ் பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய சில்லறை வேலைகள் அவர் கை படாதவை. காரணம் தேடுவதே நாத்திகம். அவர் அறிந்தது ஒரே மகாமந்திரம்: “ஃபார்மட் போட்டுடலாம்ணே, எல்லாம் சரியாயிடும்.” டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ருத்ராட்சமும் இருதலைப்பட்சியும் பிறவாப் பெருநிலை எய்தும். 2020 ஜனவரி 14இல் மைக்ரோசாஃப்ட் கைகழுவிய விண்டோஸ் 7, மேலே ஒரு திருட்டு சாஃப்ட்வேர் என்று மறுபிரதிஷ்டை நடக்கும். மறுவாரமே பெருமான் முன்னிலும் உறுதியாய் உறைவார். ஆச்சாரியருக்கு மறுபடியும் தட்சிணை.

இந்த அருளில் பெரும்பங்கு பெறுபவர் நெசவாளர். “அட்டை ரெடியாண்ணே?” என்று சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுக் கேட்பார். “சிஸ்டம் ஹேங்குப்பா, நாளைக்கு வா.” புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரை, தறி நிற்கும் நாளுக்குக் காசு எண்ணும் சிரமத்திலிருந்தே விடுவித்துவிட்டார் நம் கருணாமூர்த்தி.

முதலாளியின் பக்தி அதனினும் பெரிது. கடன் வாங்கிப் புதிய மகாராஜர் ஒருவரை வரவழைத்து, அதே சுவரோரம், அதே ஊதுவத்தி மாடத்துக்குக் கீழே, காற்றுத் துளைகள் எல்லாம் மூடும்படி பழம்பட்டு போர்த்தி அமர்த்தியிருக்கிறார். பங்குனி வெயிலும் தொடங்கிவிட்டது. பிரதிஷ்டைக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் உண்டா?