ஆம்பிளைக்கு என்னத்துக்கு வடிவு?

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமிக்கு அலங்காரம் செய்யலாம். விநாயகபுரத்துப் பொடியனுக்குச் செய்யக்கூடாது. எங்கள் கிழக்கிலங்கைக் கடற்கரையின் எழுதாத சட்டங்களில் இதுதான் முதலாவது.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முந்திய திருவிழா நாட்களில் வந்து பாருங்கள். உள்ளே திரை போட்டுச் சாத்துப்படி நடக்கும். சந்தனம், பட்டு, ஆள் உயர மாலை. அரை மணித்தியாலம் ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் கால் மாறி நின்று காத்திருப்பார்கள். திரை விலகியதும் “அப்பனே முருகா, என்ன வடிவு!” என்று கண் கலங்குவார்கள். ஒரு ஆண் தெய்வத்தின் அழகில் அப்படி உருகி நின்றவர்தான், வெளியே வந்து செருப்பைப் போட்டதும் மதகில் குந்தியிருக்கிற பொடியனைக் காண்கிறார். காதோரம் ஒட்ட வெட்டி, உச்சியில் கொஞ்சம் செம்பட்டைச் சாயம். சாமி இறங்கிவிட்டது.

“டேய், நீ ஆம்பிளையா பொம்பிளையாடா? ஆம்பிளைக்கு என்னத்துக்கடா அலங்காரம்?”

கேட்டவருக்கு வயது அறுபத்தைந்து. திருவிழாவை முன்னிட்டுத் தலைக்கும் மீசைக்கும் மை அடித்திருக்கிறார். அவசரத்தில் அடித்ததால் காது மடலிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அது சாயம் அல்ல, கௌரவம். சாயம் என்பது மதகில் குந்தியிருப்பவன் தலையில் இருப்பது மட்டும்.

கூத்துக்கும் இதே நியாயந்தான். மட்டக்களப்பிலிருந்து இந்தக் கரை வரைக்கும் வடமோடியும் தென்மோடியும் ஆடிய தலைமுறைகளில் திரௌபதியாக ஆடியவர் ஆண், சுபத்திரையாக ஆடியவர் ஆண். அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, உதட்டுக்குச் சிவப்பு வைத்து, விடிய விடிய ஆடுவார். சபையில் இருந்த ஆம்பிளைகள் சால்வையால் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணாவியார் பூசச் சொன்னால் அது கலை. அதே அரிதாரத்தில் கால்வாசியைப் பொடியன் தன் பாட்டில் எடுத்து முகப்பருவை மறைக்கப் பூசினால் அவன் பொட்டை.

ஆண் வடிவாக இருப்பதில் இந்த ஊருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆரைக் கேட்டு வடிவானாய் என்பதுதான் கேள்வி. குருக்கள் செய்தால் சரி, அண்ணாவியார் செய்தால் சரி, கலியாண வீட்டில் பெரியவர்கள் முன்னின்று செய்தால் சரி. தன் தலையைத் தானே தீர்மானிக்கிறவனைத்தான் பொறுக்க முடியவில்லை. அதிலும் அவன் ஏழையாக இருந்தால் பொறுக்கவே முடியவில்லை.

இனிப் பாடசாலை வாசலுக்கு வாருங்கள். எந்தப் பாடசாலை என்று நான் சொல்லப்போவதில்லை. பொத்துவிலில் இருந்து கல்முனை வரை பஸ்ஸில் போகிறவர் எந்தத் தரிப்பிடத்தில் இறங்கினாலும் கண்டுபிடித்துக்கொள்வார். காலை ஏழரை. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான சேர் கத்தரிக்கோலோடு நிற்கிறார். முடி கூடின பிள்ளைகளை வரிசையில் இருந்து இழுத்து, பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, உச்சியில் ஒரு வெட்டு, பிடரியில் ஒரு வெட்டு. ஒழுங்காக வெட்டினால் தண்டனை ஆகாதே, ஆகவே கோணலாக வெட்ட வேண்டும். கோணல் தலையோடு அவன் நாள் முழுக்க இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இதைத்தான் எல்லாரும் மறக்காமல் படித்து முடிக்கிறார்கள்.

எட்டு மணிக்கு மணி அடிக்கிறது. அடுத்த பாடம் தமிழ். வெட்சி சூடிப் போனான், கரந்தை சூடி மீட்டான், தும்பை சூடிப் பொருதான். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. காலில் கழல், மார்பில் சந்தனம், தோளில் மாலை. பண்டைத் தமிழ் ஆண்மகன் பூச்சூடாமல் சண்டைக்கே போனதில்லை என்று புறத்திணையைச் சொல்லிக் கொடுத்து, பரீட்சைக்கு வரும், பாடமாக்குங்கள் என்கிறார்கள். கோணல் தலையன் பாடமாக்குகிறான்.

பிள்ளைகளை உடலால் தண்டிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதையே திருப்பிச் சொன்னது. ஆசிரியர் அறைந்ததில் காது கெட்டுப்போன ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாயும் அரசு ஐந்து இலட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. முடியை வெட்டினால் காது கெடாது என்பது உண்மைதான். அந்தத் துணிவில்தான் கத்தரிக்கோல் பிழைத்திருக்கிறது. சீருடைக்கு ஒரு விதி, முடிக்கு ஒரு விதி வைக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. விதியை மீறினால் தாய் தகப்பனுக்கு ஒரு துண்டு எழுதி அனுப்ப எவ்வளவு மை செலவாகும்? ஆனால் துண்டு எழுதினால் சபை கூடாது. சபை கூடாவிட்டால் சேருக்கு என்ன மரியாதை?

வெட்டுப்படுகிறவன் யார் என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டொக்டர் மகனுடைய முடி வளர்ந்தால் அது “படிக்கிற பிள்ளை, நேரமில்லை”. வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த பையன் அதே வெட்டோடு பரிசளிப்பு விழாவுக்கு வந்தால் முன்வரிசையில் கதிரை. கரைவலை இழுக்கிறவர் மகனும் வயலில் கூலிக்குப் போகிறவர் மகனும் வெட்டினால்தான் “காவாலி”. தமிழ்நாட்டிலும் இதே கதை. குப்பத்துப் பையன்கள் வெட்டிக்கொண்டபோது அதற்குப் ‘புள்ளிங்கோ’ கட்டிங் என்று பட்டம் சூட்டிச் சிரித்தார்கள். அதே வெட்டைக் கிரிக்கெட்காரர் வெட்டினால் பத்திரிகை அட்டையில் போட்டார்கள்.

முடி மேல் அதிகாரம் செலுத்துகிற ஆசை வாத்தியாருக்கு மட்டும் உள்ள வியாதி என்று அவரை மட்டும் பழிக்கவும் கூடாது. சிங்கப்பூரில் 1970களில் நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரச அலுவலகங்களில் சுவரொட்டி தொங்கியது. 1972இல் லெட் செப்பலின் இசைக்குழு முடியின் நீளத்தால் அங்கே பாட முடியாமல் திரும்பியது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் 2021 செப்டெம்பரில் தலிபான்கள் சலூன்காரருக்குத் தாடி மழிக்கத் தடை போட்டார்கள். ஒருவன் வெட்டு என்கிறான், மற்றவன் வெட்டாதே என்கிறான். இருவர் கையும் அடுத்தவன் மயிரில்தான் இருக்கிறது.

இந்தக் கரையில் அது விளையாட்டாகவும் இருந்ததில்லை. யுத்த காலத்தில் சுற்றிவளைப்பு என்றால் பொடியன்மாரை வரிசையில் விடுவார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க, முகம் மூடிய தலையாட்டி முன்னால் நடந்து போவார். முழங்கையில் காய்ப்பு இருந்தால் சந்தேகம், தாடி இருந்தால் சந்தேகம், முடி நீண்டிருந்தால் சந்தேகம், மொட்டை அடித்திருந்தாலும் சந்தேகம். “மனே, ஆர் கண்ணிலயும் படாத மாதிரிப் போயிற்று வா” என்று தாய்மார் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி அனுப்பினார்கள். பிள்ளை வடிவில்லாமல் இருக்க வேண்டும் என்று சாமிக்கு நேர்த்தி வைத்த ஊர்கள் இவை. பிறகு 2019 வந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், அடுத்த வெள்ளி இரவு சாய்ந்தமருதிலும் குண்டுகள். அதன்பின் முஸ்லிம் ஊர்களின் ஆம்பிளைகள் தங்கள் தாடியோடு பஸ்ஸில் ஏறியபோது பக்கத்து ஆசனம் காலியாகவே இருந்தது. பத்து வருசத்துக்கு முன் அதே வீதியில் தன் முகத்துக்காகச் சந்தேகிக்கப்பட்ட தமிழனும் அன்று எழும்பித் தள்ளி இருந்தான். அதை எழுதாமல் விட்டால் நான் சேரின் கத்தரிக்கோலைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன்.

இவ்வளவு பட்டும், பொடியன்மார் முகத்தில் கொஞ்சம் கிரீம் பூசினால் நாடு கெட்டுவிடும் என்கிறோம். கெடவில்லை, கம்பனிகள் கொழுத்தன. பெண்கள் கிரீமை ஒளித்துப் பூசுகிற ஆண்களைக் கேலி செய்தே இந்தியாவில் 2005இல் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ சந்தைக்கு வந்தது. ஆம்பிளைக்குத் தனிக் கிரீம், ஆகவே வெட்கம் இல்லை. வெட்கத்தை உண்டாக்கியது ஊர், விற்றது கம்பனி. எழுபத்தொன்பது ரூபாய்க்கு அதை வாங்கிப் பூசியும் வெளுக்கவில்லை என்று டில்லியில் ஒருவர் 2013இல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். சத்தான சாப்பாடு, உடற்பயிற்சி, சுகாதாரமான வாழ்க்கை எல்லாம் சேர்ந்தால்தான் பலன் தெரியும் என்று கம்பனி வாதாடியது. அதெல்லாம் இருந்தால் கிரீம் எதற்கு என்று கேட்க நாங்கள் அங்கே இருக்கவில்லை. 2024 டிசம்பரில் பதினாலரை இலட்சம் ரூபாய் தண்டம் விழுந்தது. அந்தக் கிரீமை விடுங்கள், அதற்காவது கடையும் முகவரியும் உண்டு. எங்கள் சந்தைகளில் பேர் தெரியாத டப்பாக்களில் விற்கிற வெளுப்புக் கிரீம்கள் வேறு சாதி. அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வருடக்கணக்காக எச்சரிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைத் தின்னும். வெளியே கேட்டால் சிரிப்பார்கள் என்று பொடியன் ஆரையும் கேட்காமல் ஒளித்து வாங்கிப் பூசுகிறான். கறுப்பு அழகில்லை என்று அவனுக்குத் தொட்டிலிலேயே சொன்னவர்கள் நாங்கள். இப்போது அவன் பூசினால் சிரிப்பவர்களும் நாங்கள்.

ஜிம்முக்குப் போனால் சிரிக்கமாட்டோம். புரோட்டீன் பவுடர் ஆம்பிளைப் பவுடர்.

அரசியல்வாதிகளுக்கும் நடிகர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. கண்டிப் பக்கம் 1917இல் பிறந்து தமிழ்நாட்டை ஆண்ட எம்.ஜி.ஆர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே வரவில்லை. எங்கள் அப்பாமார் அவர் படத்தை வீட்டில் மாட்டினார்கள். மகிந்த ராஜபக்ஷவின் குரக்கன் நிறச் சால்வையும் கரிய மீசையும் இல்லாமல் பத்து வருச அரச சுவரொட்டிகளை நினைத்துப் பார்க்க முடியாது. உள்ளூரில் தேர்தல் வந்தால் பிரதான வீதிச் சுவர்களைப் பாருங்கள், எழுபது வயதுக்காரர் நாற்பது வயதுக் கன்னத்தோடு கும்பிடுகிறார். ரஜினிகாந்த் வழுக்கையோடு மேடையேறினால் என்ன எளிமை என்கிறோம். வழுக்கையைக் காட்டவும் வசதி வேண்டும். கூலிக்காரன் வழுக்கையை ஆரும் எளிமை என்று கைதட்டியதில்லை.

இனிக் கலியாணச் சந்தை. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம், வீடு பெண்ணுக்கு. பெண்ணைப் பெற்றவர் வெளிநாடு போய், கடன்பட்டு, வயலை விற்று வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். அக்கரைப்பற்றில் வருடக்கணக்காகத் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதியிருக்கிறார். பெண் வடிவாகவும் இருக்க வேண்டும், வீட்டோடும் இருக்க வேண்டும். ஆணுக்கு இரண்டும் வேண்டாம், நியமனக் கடிதம் போதும். வயிறு முன்னால் தள்ளியிருந்தாலும் “அரசாங்க உத்தியோகம்”. பெண் பார்க்கப் போகிறவர் தன்னையும் அந்தப் பெண் பார்ப்பாள் என்று ஒரு நிமிசம் நினைத்ததில்லை. ஆம்பிளைக்கு என்னத்துக்கு வடிவு என்ற கேள்வியின் அடிவேர் இங்கேதான் ஓடுகிறது. கண்ணாடி முன் நிற்கிற பொடியன், பெண்ணுக்கும் கண் இருக்கிறது, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று ஒத்துக்கொண்டவன். சீதனச் சந்தைக்கு அவனைவிட ஆபத்தானவன் வேறு யார்?

கலியாணத்தன்று மட்டும் எல்லாம் தலைகீழ். அன்று மாப்பிள்ளைக்கு முகச்சவரம், பால் அறுகு, முழுக்கு, பட்டு வேட்டி, தலைப்பாகை, பவுடர், சென்ட். ஒரு ஆணை ஊர் கூடி அலங்கரிக்கிறது, ஆரும் சிரிக்கவில்லை. சவரம் செய்த கை யாருடையது என்று கேட்டால்தான் சபை அமைதியாகிறது. தமிழருக்குள் நாவிதர், முஸ்லிம்களுக்குள் ஒஸ்தாமார். இரண்டு பக்கமும் அந்தக் கைகளைப் பரம்பரையாகக் கீழே வைத்தார்கள். கலியாணமும் சாவும் அவர்கள் இல்லாமல் நடக்காது. நாவிதருக்குப் பந்தியில் கதிரை மட்டும் கிடைக்காது. இன்று அந்தத் தொழில் சலூன் ஆகி, குளிர் அறையாகி, கண்ணாடிக் கதவு போட்டு, பேஷியலுக்கு விலைப்பட்டியல் தொங்குகிறது. வீதியில் பொடியன்மாரைத் திட்டுகிற பெரியவர் உள்ளே நுழைந்ததும் “தம்பி, கொஞ்சம் மை அடிச்சு விடு, காதுக்கு வராமப் பாத்துக்கொள்” என்று குரலைத் தாழ்த்துகிறார். சலூன்காரத் தம்பி வாய் திறப்பதில்லை. ஊரின் எல்லா ஆம்பிளை இரகசியமும் அவர் துவாயில் துடைபடுகிறது.

பாடசாலை வாசலில் கோணலாக வெட்டப்பட்ட பிள்ளையும் பின்னேரம் அதே கதிரைக்குத்தான் வருகிறான். கோணலைச் சரிப்படுத்த வேண்டும் என்றால் ஒட்ட வழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காசு அப்பாவுடையது, அன்று வலையில் மீன் பட்டதா இல்லையா என்று ஆரும் கேட்கவில்லை. ஆகவே ஒரு சிறிய கோரிக்கை. சலூன்காரர் இனிமேல் அதற்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதட்டும்: ‘ஆசிரியர் வெட்டியதைத் திருத்திய கூலி’. தேதி போட்டு, முத்திரை குத்தி, வெட்டிய சேரின் பெயருக்கு. மாதம் முடிய எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி வலயக் கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். சம்பளத்தில் கழிக்கச் சொல்லி.