வால்பேப்பர் நித்தியத்துவ விசாரம்

கணிப்பொறித் திரையின் பின்புலத்தே விரிக்கப்படும் படத்தை வால்பேப்பர் என்று உலகோர் வழங்குவர். இச்சொல்லின் முதற்பகுதி ஆங்கிலத்துச் சுவரைக் குறிப்பதேயன்றி நம் தமிழ் வாலைக் குறிப்பதன்று எனப் பண்டிதர்கள் ஆட்சேபிக்கக்கூடும். ஆயினும், அணைத்துத் திறந்த மாத்திரத்தில் பிடி நழுவிப்போகும் அதன் சுபாவத்தை ஆறு மாத காலம் அருகிருந்து கண்டவனாகிய நான், பல்லியின் வாலோடு அதற்குள்ள பந்துத்துவத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கச் சித்தமாயில்லை.

மாப்பிள்ளையூரணியில் வசிப்போர்க்கு அநித்தியம் என்பது புதிய சித்தாந்தமன்று. அருகிலுள்ள தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நடந்ததில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு, கடலுக்குள் அமிழ்ந்தேவிட்டன. இவற்றைக் காட்டிலும் கைக்கெட்டிய திருஷ்டாந்தம் எங்கள் உப்பளம். வெயிலில் பாத்தி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அகாலத்தில் ஒரு மழை பெய்தால், பூத்தது அத்தனையும் வந்த வழியே நீராகிப் போகும். ஆகையினாலேதான் அளத்துக்காரர் உப்பை வாரி வரப்பிலேற்றி, உலர்த்தி, மேட்டிலே அம்பாரமாகக் குவித்து, ஐப்பசி மழைக்கு முன்பாகவே மூடிவைக்கிறார்கள். விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் எவரும் பாத்தியைக் கைகாட்டார், அம்பாரத்தையே காட்டுவர்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் இலகு வகைகள் சிலவற்றின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு நியாயத்தில் அடங்கும். ஆஸ்திரேலியராகிய பாரி காலர் என்பார் 2003-இல் வெளியிட்டுத் தம் நாயின் பெயரையே சூட்டிய பப்பி லினக்ஸும், 25 மெகாபைட்டுக்குக் குறைந்த மேனியுடைய டைனி கோரும், தம்மை முழுதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குபவை. நினைவகமோ பாத்தி, மின்சாரம் போவது மழை. பப்பி முதன்முறை அணையும்போதே, 'சேமித்து வைக்கவா?' என்று மரியாதையாக வினவும். டைனி கோரில், வெளியேறும் வேளையில் பேக்கப் என்பதைத் தெரிவு செய்தாலன்றி, வீட்டு அடைவு மூட்டை கட்டப்பட்டு வட்டுக்குப் போகாது. இவ்விரு வினாக்களையும் வாசியாமலே தள்ளிவிட்டு மறுநாள் விதியை நோவது மானிட இயற்கை.

இனி எம் வீட்டு விவகாரம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் பயனாக என் மகளுக்கு ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மகள் மணமாகிப் போனாள், கணினி போகவில்லை. 2 ஜிபி நினைவகத்தோடு மூச்சுத் திணறிய அதன்மேல் இரக்கங்கொண்டு, என் அக்காள் மகன் டெபியன் என்னும் லினக்ஸையும் ஓப்பன்பாக்ஸ் என்னும் சாளர மேலாளரையும் நிறுவித் தந்தான். பேரனுக்கு முதற்பல் முளைத்த படம் வந்து சேர்ந்தது. அதைத் திரையில் வைக்கவேண்டுமென்பது என் தர்மபத்தினியின் ஆக்ஞை. ஃபெ என்னும் சிறு நிரலை ஒரே வரியில் ஏவினேன், படம் வந்தது. இரவு அணைத்தேன், காலையில் திறந்தால், பேரனும் இல்லை, பல்லும் இல்லை, சாம்பல் நிறத்துச் சூனியம்.

நித்தியம் என்ற சொல்லுக்கு நம் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. ஆன்மா நித்தியம் என்னுமிடத்து அழிவின்மை பொருள். கோயிலில் நித்திய பூசை என்னுமிடத்து அன்றாடம் செய்வது பொருள். வால்பேப்பருக்கு முதற்பொருளில் நித்தியம் கிடையவே கிடையாது. படத்தைத் திரையில் எழுதுகின்ற எக்ஸ் என்னும் சேவகன், அமர்வு முடிந்ததும் எழுதியது யாவற்றையும் மறந்துபோகிறான். நாம் நிலைத்திருப்பதாக எண்ணும் படம், ஒவ்வொரு காலையிலும் எவரோ புதிதாக எழுதுவதே. அந்த நித்திய கருமத்தைச் செய்யுமாறு கட்டளை எழுதிவைக்கும் ஏடு, ஓப்பன்பாக்ஸில் ஆட்டோஸ்டார்ட் என்னும் கோப்பு. அது குடியிருப்பதோ, பெயருக்கு முன்னால் புள்ளியுடைய கான்ஃபிக் என்னும் அடைவினுள்.

அப்புள்ளியைக் குறித்து ஒரு வார்த்தை. லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் மரபில் பெயரின் தலையில் புள்ளியிருந்தால், அக்கோப்பு பட்டியலில் தோன்றாது. முற்காலத்தில் இரண்டே இரண்டு பதிவுகளை மறைக்க நினைத்த ஒருவர், முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்துச் சுருக்கமாக முடித்துக்கொண்டதன் விளைவே இது என்று யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார். சோம்பலால் விளைந்த சாஸ்திரம்! நமக்கோ புள்ளியின் மகிமை தொல்காப்பியர் காலத்துச் செய்தி: மேலே புள்ளி ஏறினால் ககரத்தின் உயிர் ஒடுங்கி மெய் மாத்திரம் நிற்கும். முற்காலத்தில் குறிலாகிய எகர ஒகரங்களுக்கும் புள்ளி இருந்தது. எங்கள் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் அவ்வழக்கை மாற்றி, நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். கான்ஃபிக்கின் புள்ளியை எடுத்துவிட அவரைப்போல் ஒருவர் வந்தாரில்லை. அடைவைக் காணாமல் நான் இரண்டு நாள் தேடினேன். "கன்ட்ரோலும் எச்சும் அமுக்குங்க மாமா" என்று அக்காள் மகன் தொலைபேசியில் சொன்ன பின்னரே அது கண்முன் வந்தது.

படத்தின் பெயரும் இருப்பிடமும் அடங்கிய முழுக் கட்டளையையும் ஆட்டோஸ்டார்ட்டில் எழுதினேன். மறுநாளும் சூனியம். படம் இருந்தது பென்டிரைவில். ஓப்பன்பாக்ஸ் கட்டளையை நிறைவேற்றும் வேளையில் பென்டிரைவ் இன்னும் இணையவில்லை. படத்தை வட்டுக்கு மாற்றினேன். பேரன் ஸ்திரமாக அமர்ந்தான். இதுவன்றி வேறொரு வியாதியும் உண்டு: பிசிமேன்எஃப்எம் என்னும் கோப்பு மேலாளரும் திரையை ஆளுமாயின், அது தன் படத்தை மேலே விரித்துவிடும்; ஃபெ வரைந்தது அடியில் அழியாமலே கிடக்கும். அதை ஆராய எனக்குப் பொறுமையில்லை.

வேண்டாதவர்க்கும் நித்தியம் வாய்த்ததுண்டு. 2013-இல் உத்தரப் பிரதேசத்து அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் ஆட்சியாளரின் படம் இருந்ததாகவும், அதை நீக்க முயன்றால் கணினி முடங்கியதாகவும் பத்திரிகைகள் எழுதின. எம் வீட்டிலும் அதன் சாயல் நேர்ந்தது. புதுப்படம் வந்தபோது வைத்தேன். காலையில் பழைய படமே திரும்பியது.

"ஏங்க, புள்ளைக்கு நாலு பல்லு வந்துட்டு. இதுல இன்னும் ஒத்தப் பல்லுதானே நிக்கி?"

குற்றம் என்னுடையது. குறிப்பிட்ட ஒரு படத்தின் பெயரைச் சாசனமாக வெட்டிவைத்தால், சாசனம் அதையே பேசும். ஃபெ ஒவ்வொரு முறையும், தான் கடைசியாக வரைந்ததை வீட்டு அடைவில் ஃபெபிஜி என்னும் கோப்பில் தானாகவே குறித்துவைக்கிறது; அதற்கும் தலையில் புள்ளி. படத்தின் பெயரை அடித்துவிட்டு, அந்தக் குறிப்பை வாசி என்று மாத்திரம் ஆட்டோஸ்டார்ட்டில் எழுதி, புதுப்படத்தை மறுபடி ஒருமுறை வைத்தேன்.

அன்றிரவு மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. பாட்டரி செத்த கணினியை இரண்டு முறையும் நானே திறந்தேன். நான்கு பற்களும் வந்தன. ஐந்தாவது அரும்புவதாக மகள் தொலைபேசியில் சொன்னாள்.