முள்ளின் வாய்மை: கல்முனை முதல் அறுகம்பே வரையான எண்ணெய் மீற்றர்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளைக் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். கையில் இல்லாத கருவியின் சுருதியைக் கணித்துச் சொன்ன மண் இது. ஆயினும் அதே காரைதீவை ஊடறுத்து நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் டாங்கிக்குள் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்பதைக் கணித்துச் சொல்ல ஒருவரும் முன்வந்தாரில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நிரப்புகிறது. முழுமையாக அல்ல, ரிசேவ் அளவுக்கு.

ஆய்வுக் களம்: கல்முனையில் தொடங்கி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் கடந்து அறுகம்பே வரை, ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ஆய்வுக் கருவி: ஆய்வாளரின் பழைய மோட்டார் சைக்கிள். அதன் கம்பனி எது என்பது ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது.

2. மீற்றரின் உறுப்பியல்

டாங்கிக்குள் ஒரு மிதவை. மிதவையோடு ஒரு கம்பிக் கை. கையின் முனை மின்தடைப் பட்டியொன்றில் உரசி நகரும். எண்ணெய் இறங்க மிதவை இறங்கும்; தடை மாறும்; மின்னோட்டம் மாறும்; முள் சாயும். கேட்பதற்கு ஒழுங்கான கதைதான்.

சிக்கல் டாங்கியின் வடிவில் இருக்கிறது. அது தகரப்பேணி போல நேராக இல்லை. வண்டியின் முதுகுக் குழாயின் மேல், குதிரைக்கு இட்ட சேணம் போல இரு பக்கமும் தொங்கிக் கிடக்கிறது. மேலே அகலம், அடியில் ஒடுங்கிய இரண்டு பைகள். மேலே மிதவை ஒரு விரல் இறங்கினால் போகும் எண்ணெயும் கீழே ஒரு விரல் இறங்கினால் போகும் எண்ணெயும் ஒன்றல்ல. இதனோடு கடற்கரையின் உப்புக் காற்றும் சேரும். மின்சாரம் தொடவேண்டிய இடத்திலெல்லாம் துரு முந்திக்கொள்ளும்.

இவற்றைத் தொகுத்து ஆய்வாளர் யாத்த நூற்பா:

நிறைவிற் பொய்த்தும் குறைவிற் கிடந்தும்
நடுவண் விரைதல் முள்ளின் இயல்பே.

உரை: 'நிறைவிற் பொய்த்தும்' என்றது, டாங்கி நிரம்புமுன்னரே மிதவை கூரையில் முட்டுவதால், நிரப்பிக்கொண்டு அக்கரைப்பற்று தாண்டும் வரைக்கும் முள் அசையாமை. அதனைக் கண்டு, "இந்த பைக் எண்ணெயே குடிக்காது" என்று மகிழ்வோர் உளர். 'நடுவண் விரைதல்' என்றது, திருக்கோவிலில் முக்கால் காட்டிய முள் கோமாரியில் காலுக்கு வருதல். 'குறைவிற் கிடந்தும்' என்றது, சிவப்பில் படுத்த பின் மிதவைக்கு இறங்க இடமின்மையால், அரை லீற்றருக்கும் அரைக்கால் லீற்றருக்கும் முள் ஒரே முகம் காட்டுதல். அறுகம்பேப் பாலம் ஏறுகையில் ஒரு கணக்கும் இறங்குகையில் ஒரு கணக்கும் சொல்லும் முட்களும் உண்டு. அவை புறனடையாற் கொள்க.

3. மூவகை அளவை

முள் இப்படியாயின் இப்பகுதி மக்கள் எதைக்கொண்டு அறிகின்றனர்? தருக்க நூலார் சொன்ன அளவைகளுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைக் கொண்டே.

காட்சியளவை: மூடியைத் திறந்து பார்த்தல். கண்ணுக்குத் தெரியாவிடின் வண்டியைக் குலுக்கிக் காது கொடுத்தல். "சளக்" என்றால் பொத்துவில். "சளக் சளக்" என்றால் போய் வரலாம். இரவில் இந்த அளவையை நெருப்புக் குச்சி கொண்டு நிறுவ முயல்வது ஆய்வாளரின் கடைசி ஆய்வாக முடியும்.

கருதலளவை: போன கிழமை இவ்வளவு அடித்தோம், இவ்வளவு ஓடினோம், ஆகவே இவ்வளவு மிச்சம் என்று அனுமானித்தல். மிகச் சிறந்த முறை. ஓடிய தூரம் காட்டும் மீற்றரின் கேபிள் அறுந்திருப்பதும், வீட்டில் தம்பி ஒருவன் இருப்பதும் மட்டுமே இதற்குத் தடைகள்.

உரையளவை: ஆன்றோர் வாக்கு. கராஜ் பாஸ், வண்டியை விற்றவர், பின்னால் ஏறியவர் ஆகியோர் ஆன்றோர் எனப்படுவர். "போகும் மச்சான், போகும்" என்பது இவ்வகையின் மூலபாடம். சொன்னவர் தள்ளுவதற்கு இறங்கியதாகச் சான்றில்லை.

நான்காவதாக முள்ளையே நம்புவோர் ஒரு சாரார். அலைக்காலத்தில் ஸ்கூட்டரின் பக்கத்தில் அலைச்சறுக்குப் பலகையைக் கொழுவிக்கொண்டு அறுகம்பேக்கு அப்பால் பாணமைப் பக்கம் போகும் வெளிநாட்டார் அவர்கள். அந்தப் பாதையில் யானை குறுக்கிடும். பெற்றோல் செட் குறுக்கிடாது.

4. 2022: ஒரு சோதனைக் காலம்

இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்கு நடுவே, 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆயிற்று. பின்னர் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கல்முனையிலிருந்து அறுகம்பேக்கு ஒருமுறை போய் வந்தால் மிச்சத்தில் சந்தைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஆய்வாளருக்கு அது பொற்காலம். எல்லா டாங்கியும் ஏறக்குறைய வெறுமை; எல்லா முள்ளும் சிவப்பில். சிவப்பிலேயே இறுகிச் செத்துப்போயிருந்த முட்கள்கூட அந்த மாதங்களில் உண்மை பேசின. மாறாக, என் சாச்சாவின் வண்டி முள் பல வருடமாக நிறைவில் இறுகி நின்றது. குடும்பத்தில் போத்தலோடு வராதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்சியளவை காட்டியே சாச்சா களைத்துப்போனார்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் எண்ணெய் முடிந்து வழியில் நின்றவரை நான் கண்டதில்லை. ஒருவரும் முள்ளைப் பார்க்கவில்லை. எல்லோரும் லீற்றரை எண்ணினார்கள். 2023 செப்டெம்பர் 1இல் கியூ.ஆர். முறை நின்றது. மறுபடி முள்ளைப் பார்க்கத் தொடங்கினோம். மறுபடி தள்ளத் தொடங்கினோம்.

5. களச்சான்று

இதற்கிடையில் என் வண்டியின் மீற்றரைப் புதிதாக மாற்றினேன். அதன் பின் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன், பாணமைப் பாதையில் வண்டி நின்றது. முள் காலுக்கு மேல் நின்றது. எண்ணெய்க் குழாயின் திருகியை ரிசேவுக்குத் திருப்பினேன், பயனில்லை. இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது, யானையின் நினைவு ஏறிக்கொண்டிருந்தது.

எதிரே வந்த முதியவர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தினார். ஒன்றும் கேட்காமல் என் வண்டியை இடப்பக்கமாக, ஏறக்குறைய நிலம் தொடும்வரை சாய்த்தார். பத்து எண்ணும் நேரம் பிடித்திருந்தார். சேணத்தின் வலப் பையில் சிறைப்பட்டுக் கிடந்த எண்ணெய், குழாய் இருக்கும் இடப் பைக்கு வழிந்தது. நிமிர்த்தி உதைத்தார், வண்டி பேசியது.

"மீற்றர் வேல செய்யிதா தம்பி?" என்றார்.

"செய்யிது காக்கா. புதுசு."

"அதான் நிண்ட. கழட்டி வெய்யி."

6. முடிபு

வேலை செய்யாத முள்ளால் எவரும் வழியில் நின்றதில்லை. அதை நம்பாதவர் குலுக்கிப் பார்ப்பர். வேலை செய்யும் முள்ளே ஆளை நிறுத்தும். இம்முடிபை எழுதியபின் ஆய்வாளர் தம் புதிய மீற்றரைக் கழற்ற கராஜுக்குப் போனார். பாதி வழியில் எண்ணெய் முடிந்தது. குலுக்க மறந்துவிட்டார்.