ஞாயிற்று ரோஸ்ட்டின் திணையியல்: இறைச்சியை முன்வைத்துக் கிழங்கு பற்றிய ஆராய்ச்சி

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்துத் தந்த முப்பகுப்பைக் காதலுக்கு மட்டும் செலவழித்துவிட்டோம். இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் விருந்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது. இதுவரை யாரும் பொருத்திப் பார்க்காததற்குக் காரணம், தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ரோஸ்ட் தெரியாததும், ரோஸ்ட் தின்றவர்களுக்கு இலக்கணம் தெரியாததும் ஆகலாம். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் அக்குறையை நீக்க இங்கே முன்வந்திருக்கிறார்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பொழுது: ஞாயிறு, உச்சி சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரம். நிலம்: வீட்டு அடுப்படி, சமைக்கச் சோம்பியவர்களுக்குத் தெருமுனைப் பப். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

கூச்சல் கிளம்புவது கருப்பொருளில். மாவும் புள்ளும் கருப்பொருள் என்பது பழைய விதி. இங்கே மா மூன்று: மாடு, செம்மறிக்குட்டி, பன்றி. புள் ஒன்று: கோழி. (கிறிஸ்துமஸ் வான்கோழி ஆண்டுக்கொருமுறை வரும் விருந்தாளி. அதை விட்டுவிடலாம்.) ஒவ்வொன்றுக்கும் அதனதன் வெஞ்சனம் உண்டு. மாட்டுக்கு மூக்கில் ஏறும் ஹார்ஸ்ரேடிஷ் சாஸ். பன்றிக்கு ஆப்பிள் சாஸ். கோழிக்கு சேஜ் இலையும் வெங்காயமும் சேர்த்த ஸ்டஃபிங், கூடவே கிராம்பு மணக்கும் பாலில் ரொட்டித்தூளைக் கரைத்த பிரெட் சாஸ். செம்மறிக்குப் புதினா சாஸ். நம் புதினாத் துவையலை நினைத்துக்கொண்டு இதை அள்ளிப் போட்டுக்கொள்பவர் ஏமாறுவார். இது வினிகரும் சர்க்கரையும் கலந்த பச்சைத் தண்ணீர்.

இந்நால்வரில் தலைமை யாருக்கு என்று கேட்டால் தேசபக்தர்கள் மாட்டைக் காட்டுவர். 1748-இல் ஹோகார்த் வரைந்த கலே நகர வாயில் ஓவியத்தில் ஒரு பெரும் மாட்டிறைச்சித் துண்டு பிரெஞ்சு மண்ணில் போய் இறங்குகிறது. கொழுத்த துறவி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து எச்சில் விழுங்குகிறார், வற்றிய சிப்பாய்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை. ஆங்கிலேயருக்கு ‘ரோஸ்பிஃப்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஆயினும் தலைமை, அதாவது திணையின் உயிரான உரிப்பொருள் என்ற இடம், மாட்டுக்கு இல்லை என்பதே நம் துணிபு. இலக்கணம் இதற்கு ஒரு சோதனை தருகிறது: உரிப்பொருள் அல்லாதவை இடம் மாறி மயங்கி வரலாம். எனவே மாற்றினாலும் விருந்து விருந்தாகவே நிற்குமானால், மாற்றப்பட்டது வெறும் கருப்பொருள். வரலாறு இச்சோதனையை இருமுறை செய்து பார்த்திருக்கிறது. இறைச்சிக்கு 1940-இல் வந்த ரேஷன் 1954 ஜூலையில்தான் ஒழிந்தது. போர் நடந்த ஆண்டுகளில் உருளைக்கிழங்குக்கு ரேஷன் கிடையாது. கோப்பை அளவு இறைச்சியைச் சுற்றிக் கிழங்கைக் குவித்துக்கொண்டு நாடு ஞாயிறு கொண்டாடியது. பிறகு பைத்திய மாட்டு நோய்ப் பீதியில், 1997 டிசம்பரிலிருந்து ஏறத்தாழ ஈராண்டு, எலும்போடு கூடிய மாட்டிறைச்சி விற்கவே தடை. விலா எலும்போடு மேசைக்கு வரும் மகாராஜா துண்டு மறைந்தது. ஞாயிறு மறையவில்லை.

அற்றேல் யார்க்‌ஷயர் புட்டிங் உரிப்பொருள் ஆகுமோ எனின், இங்கே சற்று நிற்க வேண்டும். அடுப்புக்குக் கதவு வராத காலத்தில் இறைச்சியைக் கம்பியில் குத்தித் திறந்த தீயின் முன் சுழற்றினார்கள். பெரிய வீடுகளில் சுழற்றும் உத்தியோகம் நாய்க்கு. சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் ஓடுவதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். வேலையிழந்து அந்த இனம் அழிந்தது. பஞ்சடைத்த ஒன்று மட்டும் வேல்ஸின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. (கறாராகப் பார்த்தால், இன்று ஓவனுக்குள் வைத்து எடுப்பது ரோஸ்ட்டே அல்ல, கேக்கைப் போல பேக் செய்த இறைச்சி. மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் அழைப்பு வராது.) சுழலும் இறைச்சிக்கு அடியில் சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு, அந்தத் தட்டில் முட்டை, மாவு, பால் கரைசல். 1737-இல் அச்சான செய்முறையில் இதன் பெயர் சொட்டுக்கொழுப்புப் புட்டிங். பத்தாண்டு கழித்து ஹானா கிளாஸ் தம் சமையல் நூலில் யார்க்‌ஷயர் பெயரைச் சூட்டினார்.

அந்தப் பகுதி வீடுகளில் இதை இறைச்சிக்கு முன்பே, கிரேவி ஊற்றிப் பரிமாறுவார்கள். புட்டிங்கை நிறையத் தின்றவருக்கே நிறைய இறைச்சி என்று வாக்குறுதியும் உண்டு. வாக்குறுதியை நம்பியவர் இறைச்சி வரும்போது வயிற்றில் இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். பொருளாதார அறிஞர்கள் இன்னும் இதற்கு உரிய மரியாதை தரவில்லை. வேதியியலார் தந்தார்கள்: நான்கு அங்குல உயரம் எழும்பாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று பிரிட்டனின் அரச வேதியியல் கழகம் 2008-இல் தீர்ப்பளித்தது. எழுப்புவது நீராவி. கொழுப்பு புகையும் சூட்டில் இருக்க வேண்டும், இடையில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

இத்தனை பெருமை இருந்தும் அது மாட்டின் குடும்பச் சொத்தாகவே இருந்தது. இப்போது பப்களில் கோழிக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்கிறது. தூய்மைவாதிகள் இதைத் திணைமயக்கம் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். மயங்குவதாலேயே அது உரிப்பொருள் அல்ல என்பது தெளிவு.

பன்றி பற்றி ஒரு குறிப்பு. இத்துறையின் முன்னோடி சார்லஸ் லேம்ப். ஆட்டுக்குட்டியின் பெயரை வைத்துக்கொண்டு 1822-இல் பன்றி ரோஸ்ட் பற்றிய ஆய்வுரை வெளியிட்டவர். அவர் கட்டிய கதையில், எரிந்த குடிசையில் வெந்து கிடந்த குட்டியைத் தொட்டு விரல் சுட்டுக்கொண்ட சிறுவன் அதை வாயில் வைக்கிறான். விரலில் ஒட்டி வந்தது தோல். தசை இல்லை, கவனிக்க. கீறி, ஈரம் துடைத்து, உப்புத் தேய்த்துக் கடுஞ்சூட்டில் பொரியவிட்ட அந்தத் தோல்தான் கிராக்ளிங். பன்றியின் மற்ற பாகமெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் மேடை.

நான்கு திணையிலும் மாறாமல் வருவது ஒன்றே: ரோஸ்ட் உருளைக்கிழங்கு. மாவுத்தன்மை மிக்க ரகமாக இருக்க வேண்டும். 1902-இல் வந்த கிங் எட்வர்டா, 1966-இல் வந்த மாரிஸ் பைப்பரா என்பதில் சைவ வைணவப் பிணக்கே உண்டு. தோல் சீவி, முக்கால் வேக்காடு வேகவிட்டு, நீரை வடித்து, மூடிய பாத்திரத்தோடு குலுக்க வேண்டும். விளிம்பெல்லாம் சிதைந்து மாவு பூத்தாற்போல் ஆகும். அந்தச் சொரசொரப்பில் கொதிக்கும் வாத்துக்கொழுப்போ மாட்டுக்கொழுப்போ புகுந்துகொள்ள, ஓவனில் பொன்னிறமாக மொறுமொறுக்கும். விருந்தில் இறைச்சி மிஞ்சுவது வழக்கம். 1861-இல் திருமதி பீட்டன் தம் பெருநூலில், ஆறிய மிச்ச இறைச்சியை என்ன செய்வது என்று செய்முறை செய்முறையாக எழுத வேண்டியிருந்தது. மொறுமொறுப்பான கிழங்கு மிஞ்சியதாகச் செய்தி இல்லை. கடைசித் துண்டை யார் எடுப்பது என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே எல்லா முள்கரண்டிகளும் நகரும்.

பூர்வபட்சி இங்கே எழுந்து ஒரு தடை சொல்வார்: “ஐயா, கிழங்குக்குக் கிரேவி வேண்டாமா? கிரேவி இறைச்சியின் சாறல்லவா? ஆகவே இறைச்சியே மூலம்.” வலுவான தடைதான். நல்ல சமையற்காரர் தட்டின் அடியில் ஒட்டிய சாற்றைச் சுரண்டித்தான் கிரேவி காய்ச்சுகிறார். ஆனால் 1908 முதல் பிரிட்டிஷ் அடுப்படிகளில் பிஸ்டோ என்றொரு கிரேவித் தூள் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு ஞாயிற்றின் மணம் என்பதே அதுதான். டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தேன். இறைச்சி இல்லை. முதலில் நிற்பது உருளைக்கிழங்கு மாவு.