லிமிட்டேஷன் சித்தப்பா

சித்தப்பா வீட்டில் போன் அடித்தால் அவர் போனைப் பார்க்கமாட்டார், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊஞ்சலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போடுவார். சட்டப் பிரிவுகளை வெற்றுடம்போடு சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை.

"சார், வணக்கம். கிரெடிட் கார்டு டியூ விஷயமாப் பேசுறேன்."

"தம்பி, இப்ப மணி என்ன?"

"ஏழு நாலு சார்."

"2022 ஆகஸ்டு 12-ம் தேதி ரிசர்வ் வங்கி என்ன சொல்லியிருக்கு? காலையில எட்டுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்கு அப்புறமும் பாக்கி கேட்டுக் கூப்பிடக் கூடாது. நாலு நிமிசம் தாண்டிட்ட. நாளைக்குக் கூப்பிடு. அதுக்காக விடிகாலையில கூப்பிட்டுறாத, அதுவும் தப்பு."

போனை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். அடுக்களையிலிருந்து சித்தியின் குரல் வரும். "அந்தப் புள்ளை சாப்பிட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பேராவூரணிப் பக்கத்தில் எங்கள் ஊர். சொந்தம் இல்லாதவர்களுக்கும் அவர் லிமிட்டேஷன் சித்தப்பாதான். இப்படி ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். சட்டக்கல்லூரி வாசலை மிதித்திருக்கமாட்டார். கோர்ட்டு வாசல் டீக்கடையில் மூன்று வருஷம் நின்றிருப்பார். காலாவதித் தேதியை நாமெல்லாம் மாத்திரை அட்டையில் தேடுகிறோம், அவர் கடனில் தேடுவார்.

அந்தக் கடனின் வரலாறு இது. 2006-ல் சித்தப்பா சென்னையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கழுத்தில் டை கட்டிய பையன்கள் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்று கிரெடிட் கார்டைத் திணித்துக்கொண்டிருந்த காலம். கார்டுதான் ஃப்ரீ, அதில் வாங்குவது ஃப்ரீ இல்லை என்பதைச் சித்தப்பா புரிந்துகொள்வதற்குள் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜும் சித்திக்கு ஒரு பட்டுப்புடவையும் வந்துவிட்டன. கம்பெனியை மூடினார்கள். கடைசியாக 2010-ல் ஒரு தவணை கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அப்போது பாக்கி 28,000. வங்கி அந்தக் கடனை இன்னொரு கம்பெனிக்கு விற்றது. வாராக் கடன்களை மொத்தமாகத் தள்ளுவிலையில் வாங்கி, வந்தவரைக்கும் வசூலிப்பதே தொழிலாக இருக்கிற கம்பெனி. அங்கிருந்து போனில் வந்து சேரும்போது அது மூன்று லட்சத்துச் சொச்சம்.

"ஃபிரிட்ஜு செத்துப் பத்து வருசமாச்சு. கருமாதி செலவு மட்டும் வருசா வருசம் ஏறுதே" என்பார்.

அவருடைய ஆயுதம் 1963-ம் வருஷத்து லிமிட்டேஷன் சட்டம். கைமாற்று, புரோநோட்டு, கார்டு பாக்கி மாதிரி ஈடில்லாத கடன்களுக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும். தாண்டினால், எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்யவேண்டும். மூன்றாம் பிரிவு. இதைச் சித்தப்பா கந்தர் சஷ்டி கவசம் மாதிரி குளித்துவிட்டுத்தான் சொல்வார்.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அது அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. காலம் கடந்தால் சாவது வழக்குதான், கடன் சாவதில்லை. கேட்க கடன் கொடுத்தவனுக்கு உரிமை உண்டு. கோர்ட்டுக்கு இழுக்கத்தான் வழியில்லை. அதோடு, ஒப்பந்தச் சட்டத்தின் 25-ம் பிரிவில் ஒரு பொடி உட்பிரிவு ஒளிந்திருக்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், செத்த பாம்பு படமெடுத்துவிடும்.

இது தெரிந்த அன்றிலிருந்து சித்தப்பா கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். கூரியர் வந்தால் சித்தி. சிலிண்டர் வந்தால் சித்தி. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை நோட்டோடு வந்தவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, "பேரை நீங்களே எழுதிக்குங்க" என்றார். போனில் 'ஆமாம்' என்ற சொல்லே கிடையாது. "நீங்கதானே பேசுறது சார்?" "இருக்கலாம்." "கார்டு நீங்க வாங்கினதுதானே?" "இருக்கலாம்." கெடு தாண்டிய கடனுக்கு வாயால் ஆமாம் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார்.

வசூல் பையன்களின் அஸ்திரங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "லீகலாப் போவோம் சார்" என்றால், "போப்பா, வழியில மூணாம் பிரிவு நிக்கும், கேட்டுட்டுப் போ" என்பார். "லோக் அதாலத்துல வச்சிருக்கோம் சார்" என்றால், "அங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்ப்பு. நான் ஒத்துக்கலை. நீயும் ஒத்துக்காத." "ஃபீல்டு ஆபீசர் வருவார் சார்" என்றால் மட்டும் ஆவலோடு எந்தக் கிழமை என்று கேட்பார்.

ஒரு சித்திரை வெயிலில் அப்படி ஒருவர் பைக்கில் வந்தே விட்டார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அடையாள அட்டையைக் கேட்டார்; அதிகாரக் கடிதத்தைக் கேட்டார்; வசூல் ஏஜெண்டுக்கான பயிற்சிச் சான்றிதழைக் கேட்டார். அவர் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே சித்தி மோர் கொண்டுவந்தாள். பிறகு சாப்பாடு. வந்தவர் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கொஞ்சம் கண்ணயர்ந்து, போகும்போது இரண்டு தேங்காயோடு போனார். மூன்று லட்சத்தில் அவ்வளவுதான் வசூல்.

எனக்குச் சிரிப்பு வராத இடமும் இதில் இருக்கிறது. எங்கள் தெருவில் இதே மாதிரி போன் வந்த தையல்காரர் ஒருவர் மூன்றாம் பிரிவைக் கேள்விப்பட்டதில்லை. மானம் போய்விடுமே என்று பயந்து மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். வசூல் என்ற பெயரில் மிரட்டுவதைக் குற்றமாக்கி 2025-ல் தமிழ்நாட்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது என்றால், அதற்குள் எத்தனை தோடு போயிருக்கும்! சட்டம் தெரிந்த சித்தப்பாவுக்கு அந்தப் போன் பொழுதுபோக்காக இருக்கிறது, தெரியாதவருக்கோ எமன்.

சரி, சித்தப்பாவுக்கும் ஒரு பயம் உண்டு. 1992-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போயிற்று. கெடு தாண்டிய கடனுக்கு, தன்னிடம் ஈடாக இருந்த டெபாசிட்டை வங்கி வரவு வைத்துக்கொண்டுவிட்டது. அதில் தப்பில்லை என்றது கோர்ட்டு. இதை யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, பட்டுக்கோட்டைக்குப் போனால் கார்டு கொடுத்த வங்கியின் கிளை இருக்கும் பக்கம் நடக்கமாட்டார். எதிர்ச்சாரியில், குடையைத் தாழ்த்திக்கொண்டு போவார். வங்கிக்காரன் சட்டைப்பையில் இருப்பதை வரவு வைத்துவிடுவானாம்.

இந்த ஞானம் எல்லாம் சும்மா வந்ததில்லை. சொந்தக் காசு 40,000 கொடுத்து வாங்கியது.

2015 மே 20-ம் தேதி, சித்தியின் தம்பி ஆழ்துளைக் கிணறு போட 40,000 கேட்டார். சித்தப்பா கொடுத்தார், ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டும் வாங்கிக்கொண்டார். விவரம் தெரிந்தவர்கள் மூன்று வருஷம் முடிவதற்குள் நூறு ரூபாயாவது வாங்கி, நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நோட்டுக்கு இன்னொரு மூன்று வருஷம் உயிர் வரும். சித்தப்பாவும் நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை மச்சினன் வீட்டுக்குப் போனார். போகும்போதெல்லாம் கோழி அடித்தார்கள். கோழிக்கறி சாப்பிட்ட கையை நீட்டி எப்படி வரவு கேட்பது?

2018 மே 20-ல் கெடு முடிந்தது. அப்போது கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. சட்டம் அதற்கும் இரக்கம் காட்டுகிறது: கெடு முடியும் நாளில் கோர்ட்டு மூடியிருந்தால், திறக்கிற அன்றைக்கே தாக்கல் செய்யலாம். சித்தப்பா போனது திறந்து ஒன்பது நாள் கழித்து. இடையில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. கேஸ் போட்டுவிட்டு எப்படிப் பந்தியில் உட்காருவது என்று தள்ளிவைத்திருந்தார். வக்கீல் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பேப்பர். பஜ்ஜி வைக்கலாம்" என்றார்.

அந்த நவம்பரிலேயே கஜா புயல் வந்து மச்சினனின் தென்னந்தோப்பைப் படுக்கப்போட்டது. அதன்பிறகு வாயைத் திறக்க வழியில்லை. கொரோனா வந்ததும் ஒரு நப்பாசை. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரைக்குமான காலத்தைக் கெடுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சேதியைப் பேப்பரில் பார்த்துவிட்டு வக்கீலிடம் ஓடினார்.

"உங்க நோட்டு கொரோனா வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சு. செத்த பொணத்துக்குத் தடுப்பூசி போடச் சொல்றீங்களா?"

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் தன் கிரெடிட் கார்டு ஞாபகம் வந்ததாம். இந்தப் பக்கம் அடித்த சட்டம் அந்தப் பக்கம் அணைக்கவும் செய்யுமே!

இப்படி அசைக்கமுடியாமல் ஊஞ்சலில் வீற்றிருந்தவரை ஒரே ஒருவன் அசைத்தான். போன வருஷம் புதிதாகக் கூப்பிட ஆரம்பித்த பையன். மூன்றாம் பிரிவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எல்லாம் சரிதான் சார். நான் கீரமங்கலத்துக்காரன். நீங்க பேராவூரணின்னு போட்டிருக்கு. நம்ம பக்கம் மொய் வாங்கிட்டு இப்படிப் பேசுவீங்களா சார்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. 'இருக்கலாம்' கூட வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். பணம் எண்ண மெஷின் வரும். காவலுக்கு ஆள் வரும். வாங்கினதை அவரவர் முறை வரும்போது திருப்பி வைத்து, மேலே புதிதாகவும் போடவேண்டும். ஸ்டாம்ப் இல்லை, சாட்சி இல்லை, ஒரு நோட்டும் பேனாவும்தான். திருப்பாதவன் மேல் யாரும் கேஸ் போடமாட்டார்கள். பந்தியில் இலை போடுவதற்கு முன் ஒரு நொடி தயங்குவார்கள், அவ்வளவுதான்.

போன ஆடியில் சித்தப்பாவின் முறை. ஒரு மாதம் முன்பே மச்சினனைப் பிடித்து உட்காரவைத்து, 25-ம் பிரிவின்படி தயாராக வைத்திருந்த வாக்குறுதிப் பத்திரத்தை நீட்டினார்.

"நமக்குள்ள கையெழுத்தெல்லாம் எதுக்கு மச்சான்? உங்க விருந்துல வச்சுட மாட்டேனா?"

சொன்னபடியே வைத்தார். மொய் மேசையில் மெஷின் சரசரவென்று எண்ணி முடிக்க, "நாப்பத்தஞ்சாயிரம்!" என்று குரல் வந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா என் கையைக் கிள்ளினார். "பாத்தியாடா! சுப்ரீம் கோர்ட்டால முடியாதது."

ராத்திரி பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சித்தி மொய் நோட்டைப் புரட்டினாள். தம்பி பெயருக்கு நேரே இருந்ததை விரலை வைத்து வாசித்தாள். "பழையது அஞ்சாயிரம். புதுசு நாப்பதாயிரம்."

"என்ன புதுசு?"

"புதுசுன்னா புதுசுதான். வர்ற ஆடியில தம்பி முறை. நாப்பதை வச்சு, மேல ஒரு அஞ்சாவது போடணும்."

"அடியே, அது என் பணம்டி! 2015-ல நான் குடுத்தது!"

"இருக்கலாம்" என்றாள் சித்தி. "நோட்டுல அப்படி இல்லையே."

மறுநாள் சாயங்காலம் ஆறு ஐம்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. சித்தப்பா சட்டை போடவில்லை. ஸ்பீக்கரையும் போடவில்லை, ஆனால் அந்தப் பையன் குரல் எங்களுக்கே கேட்டது.

"சார், வணக்கம். கிரெடிட் கார்டு டியூ..."

"அதை விடு தம்பி. நீ கீரமங்கலம்தானே? ஒரு சந்தேகம். மொய்யில புதுசுன்னு எழுதினதை, இல்லை இது பழைய கடன்னு அப்புறமாத் திருத்த முடியுமா? எத்தனை வருசத்துக்குள்ள?"

"வருசமா? சார், எங்க தாத்தா வாங்கின மொய்யை நான்தான் சார் இப்பப் போட்டுக்கிட்டிருக்கேன்."

இரண்டு பக்கமும் பேச்சில்லை. கடிகாரத்தில் மணி ஏழு நாலு ஆகியிருந்தது. சித்தப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.