தலைவரு அழுதா மடியைத் தடவிப் பாரு

வாடா பேராண்டி. ராவெல்லாம் ஜப்பான்காரன் ரவுடிப் படத்தைப் பாத்துட்டு, "விசுவாசம்னா இதான் தாத்தா"ன்னு நெஞ்ச நிமித்துறியே, நல்லா இரு. கிஞ்சி ஃபுகாசாகு 1973-ல எடுத்த 'பேட்டில்ஸ் வித்தவுட் ஹானர் அண்ட் ஹ்யூமானிட்டி'தான? நானும் பாத்தேன். அந்தக் கூட்டத்துல கெடந்தவனே ஜெயில்ல உக்காந்து எழுதினதை வச்சு எடுத்த படம்டா அது. நீ என்னத்துக்கு அதுல வர்ற ஹிரோனோவைப் பாத்துக் கெட்டுப்போற? தலைவரு யமமோரியைப் பாத்துப் பொழைக்கிற வழியப் படி.

மொதல்ல அழுவப் பழகு. அணுகுண்டு விழுந்த மறுவருசம் குரே ஊருக் கள்ளச்சந்தையில திரிஞ்ச பட்டாளத்தான் ஹிரோனோ. எதிரிக் கூட்டத்துத் தலைவனைத் தீத்துக்கட்ட ஆளு வேணும். யமமோரி துப்பாக்கியத் தொட்டாரா? கண்ணுல தண்ணி விட்டாரு. நீ ஜெயில்ல இருந்து வந்ததும் என் சொத்து பூரா உனக்குத்தான்னாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதா, இந்த ஆடு போயி ஓநாய்க்குக் குடை பிடிச்சுது. வெளிய வந்து பாத்தான். சொத்து பத்திரமா இருந்துச்சு, யமமோரிகிட்ட.

தியாகம்னு கண்ணு கலங்குனியே, அதுக்கும் வாரேன். சூதாட்டத் தகராறுல மன்னிப்பு கேக்க ஹிரோனோ சுண்டுவெரலை வெட்டணும். எப்பிடி வெட்டுறதுன்னு அம்புட்டு சூரனுக்கும் தெரியல. தலைவரு பொஞ்சாதி வந்து மொறை சொல்லுது. வெட்டுன வெரலு தெறிச்சு எங்கயோ போயிருச்சு. ஆளாளுக்குக் குனிஞ்சு தோட்டத்துல தேடுறானுவ. பாத்தா, கோழி கொத்திக்கிட்டு நிக்குது!

பொறவு யாவாரம். கூட்டத்துக்குள்ள போதை மருந்து கூடாதுன்னு பறிச்ச சரக்கை, கமுக்கமா வித்துக் காசு பாத்ததும் யமமோரிதான். அவரை எதுத்து நின்ன சகாய், பொம்மைக்கடையில குண்டடிபட்டுச் செத்தான். அந்தச் சாவுக்கு யமமோரி துக்கம் கேக்க வந்து பவ்யமா உக்காந்திருக்காரு. ஹிரோனோ வந்தான், துப்பாக்கிய எடுத்தான், படையலைச் சுட்டான். படையலுக்குத்தான் சேதாரம். அடுத்தடுத்து நாலு பாகம் வந்துச்சு. யமமோரி சாகவே இல்ல.

இந்த விசுவாசத்துல கூட்டம் தழைச்சுதாக்கும்? ஜப்பான் பூரா ரவுடிக் கூட்டங்கள்ல 1963-ல 1,80,000 பேருக்கு மேல இருந்தவனுவ, 2023 கடைசியில 20,000 சொச்சம்னு அந்த ஊரு போலீசே கணக்குச் சொல்லுது. 1992-ல ஒரு சட்டம் வந்து நெருக்குச்சு. 2011-க்குள்ள நாடு பூரா கட்டுப்பாடு. பேங்குல கணக்கு இல்ல, செல்போன் இல்ல, குடியிருக்க வீடு இல்ல. விலகி வந்தாலும் அஞ்சு வருசம் அதே சீரழிவு. சட்டம் கழுத்தை நெரிச்சது வாஸ்தவம்தான். ஆனா கீழ இருக்கவன் குடுக்கவும் மேல இருக்கவன் வாங்கவும்னே நடந்த கூட்டத்துக்கு எத்தனை நாளைக்குடா ஆளு சேரும்?

அதனால உனக்கும் ஒரு தலைவரு வாய்ச்சா, அவரு வீரத்தை விசாரிக்காத. அவருக்காவ உள்ள போனவன் வீட்டுக்கு மாசம் எம்புட்டு அனுப்பினாருன்னு விசாரி. சல்லிக்காசு அனுப்பலையா? யோசிக்காமச் சேந்துக்க. உனக்குத்தான் ரெண்டு கையிலயும் சுண்டுவெரலு இருக்கே!