பாக்கி வைத்த பூட்டனார்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனைப் பற்றும் வியாதிகளுள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வைத்தியர்கள் மாத்திரை கண்டிருக்கிறார்கள். மூதாதையரைத் தேடும் வியாதிக்கு மட்டும் இன்றுவரை ஒரு கஷாயம்கூடக் கிடையாது. எனக்கு வாய்த்தது இந்த மூன்றாவது வியாதி. என் தகப்பனாரின் பாட்டனார், அதாவது என் பூட்டனார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலம் ஜில்லா திருச்செங்கோடு தாலுகாவைச் சேர்ந்த ஒரு புன்செய்க் கிராமத்தில் ஜனித்து, கம்பும் சோளமும் பயிரிட்டு, கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்து, மக்களைப் பெற்று, காலகதி அடைந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் இந்தப் பூவுலகில் எவருக்கும் ஏற்பட்டதில்லை. அவசியமில்லாத காரியத்தில் மனிதனுக்கு உண்டாகும் உற்சாகமே தனி.

இவ்விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூலாதாரம் என் பெரிய அத்தை. தொண்ணூறு பிராயம் தாண்டியும் வெற்றிலையை இடிக்காமலே மென்று தின்னும் அந்த அம்மாள், தம்முடைய பாட்டி சொல்லக் கேட்டதாகச் சொல்லும் விருத்தாந்தத்தின்படி, பூட்டனாருக்கு மூன்று பெருமைகள் உண்டு. வெள்ளைக் குதிரையேறிச் சங்ககிரி வரை போய் வருவார் என்பது முதலாவது. கலெக்டர் துரை ஊருக்கு முகாம் வந்தபோது, மற்ற குடியானவர்களையெல்லாம் விட்டுவிட்டு, பூட்டனாரை மட்டும் அழைத்து ஆலமரத்தடியில் வெகுநேரம் சம்பாஷித்தார் என்பது இரண்டாவது. 1876-77-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் தம்முடைய தானியக் குழியைத் திறந்து ஊருக்கெல்லாம் கஞ்சி வார்த்தார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது பெருமையைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சம்சயம். எங்கள் பக்கத்தில் நாலு தலைமுறைக் கதை சொல்லத் தெரிந்த எந்தக் குடும்பத்தை விசாரித்தாலும், அவர்களுடைய முன்னோரும் அதே தாது வருஷத்தில் அதே விதமாகக் குழியைத் திறந்து கஞ்சி வார்த்ததாகவே சொல்லுகிறார்கள். வார்த்தவர்களின் சந்ததியார்தாம் எங்கும் நிறைந்திருக்கிறார்களே ஒழிய, வாங்கிக் குடித்தவரின் பேரன் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை. இவ்வளவு பேர் வார்த்திருக்கையில் அதற்குப் பஞ்சம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சரித்திர பண்டிதர்கள்தாம் விளக்க வேண்டும்.

அத்தையின் கால நிர்ணயமோ முற்றிலும் பஞ்சாங்கத்தை அனுசரித்தது. பூட்டனார் பிறந்தது சாதாரண வருஷம். மறைந்தது விரோதி வருஷம். அறுபது வருஷங்களுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும்படி நம் பெரியவர்கள் ஏற்பாடு செய்திருப்பதால், 1850-இல் தொடங்கியதும் சாதாரண வருஷந்தான், 1910-இல் தொடங்கியதும் சாதாரண வருஷந்தான். அஜாக்கிரதையாகப் பின்னதை எடுத்துக்கொண்டு, விரோதிக்கு 1889-ஐ வைத்துக்கொண்டால், பூட்டனார் தாம் பிறப்பதற்கு இருபத்தோரு வருஷங்களுக்கு முன்பே மரித்துவிட்டார் என்று ஏற்படும். பெயரும் இதற்குச் சளைத்ததன்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தைச் சற்றும் பிசகாமல் பின்பற்றிய எங்கள் வம்சத்தில், பெரியசாமியின் மகன் சின்னசாமி, சின்னசாமியின் மகன் பெரியசாமி என்று இரண்டே பெயர்கள் ஒன்றரை நூற்றாண்டாக முறை வைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஒரே காலத்தில் ஒரே ஊரில் நாலு பெரியசாமிகள் வெவ்வேறு வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், எந்தத் திண்ணை என் திண்ணை என்று நான் எதைக் கொண்டு நிச்சயிப்பது?

இத்தகைய இக்கட்டில் அகப்பட்டவன் நாடவேண்டியது ஜனத்தொகைக் கணக்கு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இங்கிலாந்துக் குடியானவனின் சந்ததியார் அப்படித்தான் செய்கிறார்கள். 1881-ஆம் வருஷத்து ஆங்கிலேயக் கணக்கைப் புரட்டினால், இன்ன பெயருடையவன், இத்தனை வயது, இன்ன ஊரில் பிறந்தவன், இத்தனை ஏக்கர் உழுகிறான், இத்தனை ஆட்களை வைத்திருக்கிறான், மனைவி மக்கள் இன்னின்னார் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். நூறு வருஷம் கழிந்ததும் சீட்டுகளை எல்லாருக்கும் திறந்துவிடுவது அங்கே வழக்கம். 1921-ஆம் வருஷத்துச் சீட்டுகளை 2022-இல் திறந்துவிட்டார்கள். நம் தேசத்திலும் அதே 1881-இல், பிப்ரவரி 17-ஆம் தேதி இரவு, முதன்முதலாகத் தேசம் முழுவதும் ஏககாலத்தில் தலை எண்ணினார்கள். பெயர், வயது, மதம், ஜாதி, தாய்மொழி, தொழில், எழுத்து வாசனை உண்டா இல்லையா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு எழுதப்பட்டன. ஆகவே என் பூட்டனார் அந்த இரவில் தம் வீட்டிலோ, சோளக் காவலுக்குப் பரணிலோ இருந்த விவரம் காகிதத்தில் ஏறியது நிச்சயம். ஏறிய காகிதத்தைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டு முடித்ததும் அழித்துவிட்டார்கள் என்பதும் அதே அளவுக்கு நிச்சயம். போதாக்குறைக்கு, சுதந்திரம் வந்த மறுவருஷமே, 1948-ஆம் வருஷத்துச் சட்டம், கணக்கெடுப்புச் சீட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்று ஸ்பஷ்டமாகச் சொல்லிவிட்டது. அயர்லாந்துக்காரர்களின் 1881, 1891-ஆம் வருஷத்துச் சீட்டுகளை முதல் மகா யுத்த காலத்தில் காகிதக் கூழாக அரைத்துவிட்டார்கள் என்று படித்தபோது, துக்கத்திலும் எனக்குத் துணை கிடைத்தது போன்ற ஒரு திருப்தி உண்டாயிற்று.

மிஞ்சியவை அச்சிட்ட தொகுதிகளே. எழும்பூரில் 1909-இல் எழுப்பிய ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடத்தில் இருந்துகொண்டு அவற்றை வாசிப்பது ஒரு சுகம். பெயர் என்று ஒன்றுகூட அவற்றில் இல்லாவிட்டாலும், சேலம் ஜில்லாவின் வரிக்கு வந்ததும் என் விரல் தானாக நின்றது. 1871-இல் 19,66,995 பேர். 1881-இல் 15,99,595 பேர். பத்து வருஷத்தில் மூன்று லட்சத்து அறுபத்தேழாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் ஆகிய எல்லாரும் அந்த ஒரு கழித்தலுக்குள் அடக்கம். 1871-ஆம் வருஷத்துக் கணக்கை நடத்தி அறிக்கை எழுதியவர் சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனரான டாக்டர் கார்னிஷ். பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று இந்திய சர்க்காரின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, வேலை செய்கிறவன் உயிர் தரிக்க அது போதாது என்று விடாமல் வாதாடியவரும் அவரேதான். தாம் சிரமப்பட்டு எண்ணிய தலைகளில் ஒன்றும் குறையலாகாது என்ற கணக்கருக்குரிய ரோஷமும் அதில் கலந்திருக்கலாம். எதுவாயினும் அந்தத் துரைக்கு என் நமஸ்காரம்.

பெயர் கிடைக்காது என்று ஆனபின், 15,99,595 என்ற தொகையின் கடைசி ஸ்தானத்தில் நிற்கும் ஐந்து பேரில் ஒருவர் எங்கள் பூட்டனார் என்று நானே தீர்மானம் செய்துகொண்டேன். இதை ஆட்சேபிக்க எவரிடத்திலும் ருஜு இருக்க முடியாது. அவர் தாது வருஷத்தில் தவறியிருந்தால் தொகை 15,99,594 என்று முடிந்திருக்கும். புஸ்தகத்துக்கு அதனால் யாதொரு குறையும் வந்திராது. இந்தக் கட்டுரையை வாசிக்கும் சிரமம் மட்டும் உங்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

சர்க்கார் காகிதம் கைவிட்டபின் குடும்பக் காகிதத்தைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்ற ஒருவன் பங்காளி வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, “பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பதில் அடங்கியுள்ள பயங்கரத்தை நான் அதுவரை உணர்ந்ததில்லை. பூட்டனாரின் தம்பி வழியில் வந்தவரும் என்னைவிட மூத்தவருமான அந்தப் பங்காளி, மோர் கொடுத்து உபசரித்து, வெகு வாஞ்சையோடு, “பென்சன் எல்லாம் மாசா மாசம் ஒழுங்கா வருதுங்களா, தம்பி?” என்று விசாரித்தார். வருகிறது என்றேன். “பையனுக்குக் கடன் கிடன் ஏதாச்சும்?” இல்லை என்றேன். சற்று நேரம் என்னைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, “அப்புறம் எதுக்குங்க இப்ப அந்தக் காயிதமெல்லாம்?” என்றார். பூட்டனாரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் என்று நான் சத்தியமாகச் சொன்ன பதிலைப்போல் நம்பத்தகாத பதில் அந்தத் திண்ணையில் அதற்கு முன் உச்சரிக்கப்பட்டிராது. அந்த வாரமே சர்வேயரை வரவழைத்து எல்லைக் கல் எல்லாவற்றையும் சரிபார்த்து, வடக்கு வேலிக்குப் புதிதாக முள்ளும் போட்டுவிட்டார்.

கடைசியில் கை கொடுத்தது பழைய கர்ணத்தின் வீடு. கர்ணம், முனிசீப் என்ற பரம்பரை உத்தியோகங்களைச் சர்க்கார் 1980-இல் ஒழித்தபோது பதவி போயிற்றே தவிர, பரண்மேல் கிடந்த கட்டுகள் போகவில்லை. கர்ணத்தின் மகன் தாராள சிந்தையுள்ளவர். இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏணியையும் ஒரு விளக்குமாற்றையும் என்னிடம் ஒப்புவித்துவிட்டு உறங்கப் போனார். அழுக்கேறிய துணியில் சுற்றி நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கட்டுகள். ஒரு மூலையில் நுழைந்த கரையான், பசலி பசலியாக நெடுக வாசித்துக்கொண்டு மறு மூலையில் வெளியேறியிருந்தது. வரிக் கணக்கு வருஷமாகிய பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும் என்பது எனக்குத் தெரியும். புள்ளி வைப்பதை வீண் செலவாகக் கருதிய கர்ணத்தின் கையெழுத்தோடு எதைக் கூட்டினால் தமிழ் வரும் என்பதுதான் பிடிபடவில்லை. 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பெனியார் வசம் வந்ததும், கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும், நடுவில் தரகர் இல்லாமல் சர்க்கார் ஒவ்வொரு குடியானவனோடும் நேராகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் சீமையில்தான் தொடங்கிவைத்தார்கள். அந்த ரயத்துவாரி முறையின் புண்ணியத்தில், ராஜாங்கத்துக்கும் என் பூட்டனாருக்கும் நேரடியாக ஏற்பட்ட சிநேகத்தின் ஒரே அடையாளம், பசலி 1288-க்கு உரிய பாக்கிதார் ஜாபிதாவில், கரையானுக்கு ஓர் அங்குலம் தள்ளி அகப்பட்டது.

“ஊஞ்சமரத்துக் காடு. செவிட்டுப் பெரியசாமி. பாக்கி ரூபாய் 3, அணா 11, பை 4. ஜப்தி, பித்தளை அண்டா 1.”

ஊஞ்சமரத்துக் காடு இன்றும் எங்கள் பங்காளி உழும் காடு. ஆகையால் ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லை. ஒரே வரிதான், அதற்குள் அத்தையின் இதிகாசம் முழுவதும் விசாரணைக்கு வந்துவிட்டது. வெள்ளைக் குதிரை வாசலில் நின்றிருக்க, அதை விட்டு அண்டாவைத் தூக்கிப் போகும் ஜப்திச் சேவகன் உலகத்தில் எங்கும் இல்லை. துரையின் சம்பாஷணையை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. துரை பேசியது பூட்டனாருக்குக் கேட்டிராது. பூட்டனார் பேசியது துரைக்கு விளங்கியிராது. ஆகவே அது வெகுநேரம், அதுவும் சுமுகமாக, நடந்திருக்கக்கூடியதுதான். 1881-ஆம் வருஷத்துக் கணக்கில் அங்கஹீனத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தாலும் செவிடர்களுள் பிறவியிலேயே செவிடும் ஊமையுமானவர்களுக்கே அதில் இடம். ஊர் முழுதும் கேட்கும்படி பேசியவர் என்று அத்தையால் வர்ணிக்கப்படும் பூட்டனாருக்கு அதிலும் இடம் கிடைத்திராது.

ஜாபிதாவின் அந்த ஒரு வரியை நினைக்கையில் எனக்கு மற்ற மூன்று பெரியசாமிகளின்மேல் பச்சாத்தாபம் உண்டாயிற்று. அவர்கள் கிஸ்தைத் தவணை தவறாமல் கட்டினார்கள். கட்டிய பணம் கிராம மொத்தத்தில் கரைந்து, கிராம மொத்தம் தாலுகாவில் கரைந்து, தாலுகா ஜில்லாவில் கரைந்து, அவர்களும் அதனோடு கரைந்து போனார்கள். பணம் கேட்காமல் அவர்களை விசாரித்த ஒரே இலாகா தன் காகிதத்தை அழித்துவிட்டது. பணம் கேட்ட இலாகாவோ, கொடுத்தவனை மறந்து கொடுக்காதவனைப் பெயரோடும் அடைமொழியோடும் எழுதி வைத்தது. என் பூட்டனார் மூன்று ரூபாய் சொச்சத்தைக் கட்டித் தொலைத்திருந்தால் எனக்குப் பூட்டனாரே இல்லை.

ஜாபிதாவின் நகலை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். குதிரையையும் கஞ்சியையும் அந்த அம்மாள் இனியாவது வாபஸ் பெறுவார் என்பது என் எதிர்பார்ப்பு. அண்டா என்ற சொல் காதில் விழுந்ததும் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தியா கண்ணு! ஊருக்குக் கஞ்சி காய்ச்சுன அண்டா அது. நாலு பேரு இருக்கற வூட்டுல அண்டா வேற எதுக்கு? அதைத்தான் அந்தப் பாவிக தூக்கிட்டுப் போயிருக்காங்க!”

அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி ஊஞ்சமரத்துக் காட்டுக்கு எட்டிவிட்டது. மாலையில் பங்காளி வந்தார். எல்லைக் கல் விவகாரத்துக்குப் பிறகு அவர் என் வீட்டு வாசற்படி ஏறியது அதுவே முதல் தடவை. காப்பி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், நகலை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

“இந்த அண்டா, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறதுக்கு முந்தியதுங்களா, பிந்தியதுங்களா?”

தெரியாது என்றேன்.

“முந்தியதுன்னா பொதுச் சொத்துல்லீங்க தம்பி. அப்ப அந்தக் கஞ்சியில பாதி எங்க பூட்டன் வார்த்தது.”